மூன்றாவது மோட்டார் சைக்கிள் புத்தகம்

3.7.2002, புதன்
அமாவாசைக் கூட்டத்துக்கான குறிப்புகளை எழுதி முடித்தேன். அன்றைக்குத்தான் தறி ஓடாது, வாசகர் வட்டத்துக்கு ஆள் வரும். இந்த முறை நான் பரிந்துரைப்பது, மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போனவர்கள் எழுதிய மூன்று நூல்கள். முதலாவது, குமரியிலிருந்து இமயம் வரை; மழையில் நனைவதை அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறார். இரண்டாவதில் இரு நண்பர்கள் பாதி வழியில் சண்டை போட்டுப் பிரிகிறார்கள். மூன்றாவது, ஒரு பெண் தனியாகப் பாலைவனத்தில் போனது. மூன்றில் அதுதான் சிறந்தது. எனக்கோ மொபெட்கூட ஓட்டத் தெரியாது. பேசத் தகுதி உண்டா?

5.7, வெள்ளி
வட்டத்தின் தலைவர் பன்னீர்செல்வத்தின் பட்டுக்கடைக்குப் போய்க் குறிப்புகளைக் காட்டினேன். காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை! முப்பது வருடம் பாடக்குறிப்பு எழுதித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிய கை, சும்மா இருக்குமா?

மூன்றாவதை அடித்துவிட்டார்.

"இன்னா சார் இது? பொம்பளைங்களும் குந்திகினு கேப்பாங்க. நாளைக்கு என் வூட்லயே வண்டி சாவியக் குடுன்னு நிப்பாங்க. பேஜாரு. ரெண்டோட முடிச்சிக்குங்க."

"சரிங்க" என்றேன். சரிங்க! அந்த ஆள் அதன் அட்டையைக்கூடப் பார்த்ததில்லை.

6.7
தூக்கமில்லை. அவர் என்ன என் தலைமையாசிரியரா?

10.7, அமாவாசை
இரண்டு நூல்களையும் பேசி முடித்தேன். அத்தோடு பேசாமல் உட்கார்ந்திருப்பேன். பன்னீர்செல்வம் மைக்கைப் பிடித்து, "வாத்தியாரு மொபெட்டுக்கே பயப்படுவாரு, நம்மள இமயமலைக்கு அனுப்புறாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் — அதில்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"மூணாவது ஒண்ணு இருக்கு. தலைவர் அடிச்சிட்டாரு. மூணுலயும் அதான் ஒசத்தி!"

கத்தினேன். நானா? குரல் கீச்சென்று உடைந்தது. மணல் நடுவே அந்தப் பெண்ணின் வண்டி நின்றுபோகும் பக்கத்தை எடுத்து வாசித்தேன். அவசரத்தில் வரி தவறியது. "ஜல்தி முடிங்க சார்" என்றார் தலைவர். நிறுத்தவில்லை. விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டார். இருட்டில் எப்படி வாசிக்க?

11.7
இனி நான் வட்டத்துக்கு வரவேண்டியதில்லையாம். செயலாளர் கமலக்கண்ணனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். நேரில் சொல்ல வாயில்லையா?

14.7, ஞாயிறு
மதியம் கதவைத் தட்டியது பாஞ்சாலை அம்மாள், பன்னீர்செல்வத்தின் மனைவி.

"அந்த மூணாவது புக்கு வேணுங்க சார். பேப்பர்ல சுத்திக் குடுங்க, அவரு பாத்தா கத்துவாரு."

ஒரு புத்தகத்தைத் திருட்டுச் சாமான் போலச் சுற்ற வேண்டியிருக்கிறது. எரிச்சலில் தாள் இரண்டு முறை கிழிந்தது.

"வண்டி ஓட்டக் கத்துக்கப் போறீங்களாம்மா?"

"நானா? அம்பது வயசுலயா? நல்லா கேட்டீங்க. அந்தப் பொண்ணு மணல்ல மாட்டிகினு நிக்குது, நீங்க பாட்டுக்கு நிறுத்திட்டீங்க. நாலு நாளா சோறு எறங்கல."

மீதிக் கதையை நான் சொல்லவில்லை.

ஜன்னல் வழியே பார்த்தேன். தெருமுனை வரைகூடப் பொறுக்கவில்லை. தாளைப் பிரித்துப்போட்டுவிட்டு, வெயிலில் நின்றபடியே பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.