ரேடியேட்டரை எங்கே வைப்பது

9 செப்டம்பர் 2012, ஞாயிறு

என் மனைவி லீலாபாய் நேற்றும் உறங்கவில்லை. ஆலய ஆராதனையில் இரண்டாம் வேதபாடம் வாசிக்கும்போதே கண்ணயர்ந்தாள். காரணத்தை அவள் சொல்லவில்லை, நான் ஊகிக்கிறேன். எங்கள் படுக்கையறைக்கு அடுத்த அறையில் மகன் பெனினின் கம்ப்யூட்டர் இரவு முழுவதும் இரைகிறது. கட்டடங்களின் அசையும் படங்களை உருவாக்கிப் பெங்களூர் நிறுவனமொன்றுக்கு அனுப்புவது அவன் வேலை. படம் முடியும்வரை இயந்திரம் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். அதன் சூட்டைக் குழாய்களில் ஓடும் தண்ணீர் எடுத்துச் சென்று ரேடியேட்டரில் சேர்க்கிறது. ரேடியேட்டரைக் குளிர்விக்கும் சிறிய ஃபேன்கள்தான் கூச்சலிடுகின்றன.

எழுதத் தயங்கியதையும் பதிவு செய்கிறேன். கடந்த மார்ச்சில், பெங்களூரில், பெனின் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றான். உடன் தங்கியிருந்த அல்போன்ஸ் உரிய நேரத்தில் வந்ததால் பிழைத்தான். அன்றுமுதல் இங்கே, தக்கலையில், எங்களோடு இருக்கிறான். அவன் அறையின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். கதவை அவன் சாத்தியே வைத்திருக்கிறான். அடிக்கடி தட்டி விசாரிக்க வேண்டாம் என்பது மருத்துவரின் அறிவுரை. அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கிறேன்.

லீலாவின் உறக்கத்துக்காவது ஏதேனும் செய்ய வேண்டும்.

12 செப்டம்பர், புதன்

ஃபேன் பற்றிக் கேட்டேன். பெனின் பேசினான்.

"சின்ன ஃபேன் வேகமாச் சுத்துனாத்தான் காத்து வரும்ப்பா. அதான் கத்துது. பெருசுன்னா மெள்ளச் சுத்துனாப் போதும்."

"அப்பம் பெருசையே மாட்டிரலாமே?"

"அப்பிடி சட்டுன்னு முடியாது. இந்த ரேடியேட்டர்ல தகடெல்லாம் நெருக்கமா இருக்கு. மெள்ளச் சுத்துற ஃபேன் அதுக்குள்ள காத்தைத் தள்ளாது. தகடு அகலமா உள்ளது வேணும்."

ஒரு காகிதத்தில் வரைந்தும் காட்டினான். மார்ச்சுக்குப் பின் அவன் என்னிடம் தொடர்ச்சியாகப் பேசியது இதுவே முதல் முறை.

20 செப்டம்பர், வியாழன்

மாலையில் மின்வெட்டு. இரைச்சல் சட்டென்று அடங்கியது. லீலா அறுத்துக்கொண்டிருந்த மீனை அப்படியே போட்டுவிட்டு எழுந்து, பெனினின் கதவருகே போய் அசையாமல் நின்றாள். அமைதிக்காக அவள் எவ்வளவு ஏங்கியிருக்கிறாள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

3 அக்டோபர், புதன்

ரேடியேட்டரைப் பெட்டியின் மேற்புறம் பொருத்துவதா, முன்புறமா? மேலே வைத்தால் சூடு எளிதாக வெளியேறும்; ஆனால் தண்ணீரிலுள்ள காற்று அங்கேயே தங்கிக் களகளவென்று சத்தமிடக்கூடும். முன்னே வைத்தால் சூடான காற்று மற்றப் பாகங்களின்மேல் படும். இரு தரப்பையும் பெனின் விளக்கினான். நான் ஒவ்வொன்றுக்கும் ஆட்சேபம் எழுப்பி, மேலும் யோசிக்கலாம் என்றேன்.

"எப்பா, ஃபேன் வாங்கதுக்குமா வாய்தா?" என்று சிரித்தான்.

உண்மை என்னவென்றால், வேண்டுமென்றேதான் தள்ளிப்போடுகிறேன். இது முடிந்துவிட்டால் அவனிடம் பேச எனக்கு வேறு என்ன இருக்கிறது?

14 அக்டோபர், ஞாயிறு

பெரிய ஃபேன்களை இன்று பொருத்தினோம். ரேடியேட்டர் மேற்புறம், தண்ணீர்த் தொட்டி அதைவிட உயரத்தில், காற்று முழுதும் அதில் வந்து சேரும்படி, பம்பின் அதிர்வு பெட்டிக்குப் பரவாதபடி அடியில் ரப்பர். நான் டார்ச் பிடித்தேன். முடித்ததும் இருவரும் பெட்டியில் காதை வைத்தோம்.

"கேக்குதா?"

"இல்ல."

"எனக்கும் கேக்கல்ல."

நல்ல நாள்.

15 அக்டோபர், திங்கள்

பேச விஷயம் இல்லை.

17 அக்டோபர், புதன்

லீலா இன்னும் உறங்குவதில்லை. முன்பைவிட மோசம். எதையாவது சாக்குவைத்துப் பெனினின் கதவைத் திறந்துகொண்டே இருக்கிறாள். இன்று அவன், "எம்மா, என்னைக் கொஞ்சம் சும்மா விடுங்க!" என்று கத்திவிட்டான். அவளைச் சமாதானப்படுத்தப் போனேன். அடுக்களையில் என்மேல் பாய்ந்தாள்.

"யாரு ஒங்ககிட்ட கேட்டா? சத்தம் வேண்டாம்னு நான் எப்பமாவது சொன்னேனா?"

"நீ ஒறங்கல்லியே, லீலா."

"அந்த எரைச்சலக் கேட்டுக்கிட்டுல்லா நான் கெடந்தேன்! அது கேட்டா எனக்க பிள்ள உள்ள இருக்கான்னு அர்த்தம். கரண்டு போனப்பம் மீனைப் போட்டுட்டு ஓடுனேனே, ஒங்களுக்குக் கண்ணு இல்லியா? ஊருக்கெல்லாம் வக்கீலு!"

வக்காலத்து இல்லாமல் ஒரு கட்சிக்காரருக்காக ஆஜராகியிருக்கிறேன். அவள் தரப்பை ஒருமுறைகூட நான் கேட்கவில்லை. பழைய ஃபேன்களையே மாட்டு என்று பெனினிடம் சொல்லலாமா? காரணம் கேட்பானே — என்ன சொல்வது? உன் உயிருக்குக் காவல் வைத்திருந்தோம், அதை நானே கலைத்துவிட்டேன் என்றா?

1 நவம்பர், வியாழன்

ஒரு வழி தோன்றியது. அறைக்குள் வெக்கை அதிகம் என்று பெனினிடம் சொல்லி, ரேடியேட்டரை மட்டும் அறைக்கு வெளியே, நடைப்பக்கச் சுவரில் மாட்டச் சம்மதிக்க வைத்தேன். குழாய்கள் போக இரண்டு துளைகள். "இவ்வளவு நீளத்துக்குப் பம்பு தள்ளணுமே" என்று அவனே உற்சாகமாகக் கணக்குப் பார்த்தான். இப்போது இயந்திரம் வேலை செய்யும்போதெல்லாம் நடையில் வெதுவெதுப்பான காற்று வருகிறது.

லீலா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதன் முன் ஒரு நொடி உள்ளங்கையை வைத்துவிட்டுப் போகிறாள்.

4 நவம்பர், ஞாயிறு

லீலா நேற்று உறங்கினாள்.

23 நவம்பர், வெள்ளி

நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலையில் நான் நீதிமன்றம் சென்றேன். லீலா பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போய்த் திரும்பி வந்து, வழக்கம்போல் ரேடியேட்டர்முன் கையை வைத்துப் பார்த்திருக்கிறாள். சூடு. சோற்றுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருக்கிறாள். நான் பிற்பகலில் வந்தபோது தட்டு அப்படியே இருந்தது. கதவைத் திறந்தேன். திரையில் படம் தானாக உருவாகிக்கொண்டிருந்தது. நாற்காலி காலி. போன் மேசைமேல்.

எங்கே போனான்? எப்ப போனான்? ஒண்ணும் தெரியல்ல. லீலா நடையில் உட்கார்ந்துவிட்டாள். "காத்து சூடா இருந்துச்சே... சூடாத்தானே இருந்துச்சு..." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

தெரிந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு திசையில் தேடினோம். பொழுது சாயும் நேரம் என் குமாஸ்தா ஞானையன் போன் செய்தார். "சார், தம்பி மண்டைக்காட்டுக் கடப்பொறத்துல இருக்கான். கையப் பிடிச்சிருக்கேன். விட மாட்டேன், நீங்க வாங்க."

போனேன். பெனின் கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்தான். சட்டை நெஞ்சுவரை நனைந்திருந்தது. ஞானையனும் நானுமாக வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

இயந்திரம் ஓடுவது ஆள் இருப்பதற்குச் சாட்சியம் ஆகாது. எதிர்த்தரப்பு இப்படியொரு சான்றைக் கொண்டுவந்திருந்தால் ஒரே கேள்வியில் உடைத்திருப்பேன்.

24 நவம்பர், சனி

மருத்துவரிடம் பேசினேன். திங்களன்று நாகர்கோவிலில் பார்க்கிறார். அதுவரை தனியே விட வேண்டாம் என்றார். பெனினிடம் வெளிப்படையாகவே கேளுங்கள், கேட்பதால் கெடுதல் வராது என்றும் சொன்னார்.

அவன் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். மார்ச்சிலிருந்து கேட்காத கேள்வி.

"மக்கா, ஒனக்கு இன்னும் சாகணும்னு தோணுதா?"

சுவருக்குள் போகும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"செல நாளு."

"நேத்தா?"

"ம்."

பிறகு அவனே சொன்னான். "ரேடியேட்டர எதுக்கு வெளிய வச்சீங்கன்னு எனக்குத் தெரியும்ப்பா. அம்மா கைய வைக்கது கதவு இடுக்குல தெரியும். அதான் மெசின ஓட விட்டுட்டுப் போனேன். அம்மா பதறிப் பேடிக்காண்டாம்னு."

பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்பம் எப்பிடி இருக்கு மக்கா?"

"இப்பம் இருக்கேன். இன்னைக்கு இருக்கேன்ப்பா."

9 டிசம்பர், ஞாயிறு

ரேடியேட்டரை மீண்டும் அறைக்குள்ளேயே, பெட்டியின் மேற்புறம் மாற்றினோம். சத்தம் இல்லை. சுவரில் இரண்டு துளைகள் மிச்சம். சிமென்ட் வைத்து அடைக்கலாம் என்றேன். "கெடக்கட்டும்" என்றாள் லீலா. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகள் அவள் பொறுப்பில். கதவு திறந்தே இருக்கிறது.

தினமும் காலையில் கறுப்புக் கோட்டை மாட்டுமுன் அவன் அறைக்குப் போய்க் கேட்கிறேன். இன்று விடுமுறை, ஆலயத்துக்குப் புறப்படுமுன் கேட்டேன்.

"இன்னைக்கு எப்பிடி மக்கா?"

"இருக்கேன்ப்பா." நான் திரும்பும்போது, "நாளைக்கும் கேளுங்க" என்றான்.

இடைக்கால உத்தரவு நாளைவரை நீட்டிக்கப்படுகிறது.