மேசைமேல் வைத்த நெல் தொட்டி

மயிலாப்பூர்,
12-8-1973

அன்புள்ள செண்பகவல்லிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தணிந்ததா?

வேளாண் உயர்கல்வியின் தரத்தை உயர்த்த அமைத்த எங்கள் குழு நேற்று இறுதியாகக் கூடியது. மேசைமேல் அலங்காரமாக ஒரு நெல் தொட்டி. அதைக் களையெடுத்து வைத்தவர் தங்கப் பதக்கம் பெற்ற விரிவுரையாளர். தோட்டக்காரர் காஸ்பர் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இன்னா சார் இது! நெல்லைப் புடுங்கிப் போட்டுட்டு புல்லுக்குத் தண்ணி ஊத்திக்கினு கீறீங்க!"

உண்மைதான், நின்றது நெல்லைப் போலவே தோன்றும் களை. ஆயினும் அடுத்த பத்தே நிமிடத்தில், ஒவ்வொரு மாணவனும் ஒரு பாத்தியிலாவது தானே விதைத்து அறுக்க வேண்டும் என்ற என் பரிந்துரையைக் குழுவினர் அடித்துவிட்டு, அதற்குப் பதிலாகக் கல்லூரிக்கு ஒரு கலையரங்கம் கேட்டார்கள். பட்டதாரி சேற்றில் இறங்குவது கௌரவக் குறைவாம். நான் குரலை உயர்த்தவில்லை. அறிக்கையில் கையொப்பமும் இடவில்லை.

கவலைப்படாதே. கல்லூரி முதல்வர் பதவி இனி எனக்கு வராது, அவ்வளவுதான். அந்தப் பங்களாவுக்கென்று கட்டிவைத்த பாத்திரங்களைப் பிரித்துவிடு.

அறிக்கையோடு சேர்க்க வேண்டிய என் மறுப்புரையை எழுதி முடிக்க இன்னும் ஒரு வாரமாகும். நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. விடுதிச் சோற்றைத் தனியே உண்ண முடியவில்லை. அந்தத் தொட்டியைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன், என் அறைச் சன்னலில்தான் இருக்கிறது. தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். மறுப்புரையோடு அதையும் அவர்களிடம் கொடுக்க வேண்டும்.

தபாலுக்கு நேரமாகிவிட்டது.

உன்,
இராஜரத்தினம்