சென்டுக்குச் சென்ட் மாற்றிய மண்

மைனி,

நீங்கள் ஆக்கிய மண்ணை நேற்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காலையில் பால் வாங்கப் போன வழியில் அதன் வாசனைதான் முதலில் வந்தது. புதுமழை வாசனை இல்லை. கொளுத்துகிற வெயிலில், ஆழத்திலிருந்து அள்ளிப் போட்ட ஈரமண்ணின் வாசனை. குன்னத்துகால் ரோட்டை விட்டு இறங்கும் உங்கள் மேட்டு நிலத்தில் மஞ்சள் எந்திரம் ஒன்று நின்றது. வீடு கட்டுவதற்காகச் சரிவை வெட்டி மட்டம் செய்கிறார்களாம்.

வெட்டிய இடம் சுவர் போல நேராக நின்றது. மேலே ஒரு முழத்துக்குக் கறுப்பு மண். அதற்குக் கீழே காவிநிறச் சரல். கறுப்பு மண் முழுக்க வேர்கள் ஊடும் பாவுமாக ஓடியிருந்தன. வேலிக்கு அந்தப் பக்கத்து நிலத்தையும் வெட்டிப் போட்டிருந்தார்கள். அங்கே மேலிருந்து கீழ்வரை ஒரே காவி. பக்கத்தில் பக்கத்தில் கிடந்த நிலங்கள், ஒரே மழை, ஒரே வெயில். அந்த ஒரு முழம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருத்திதான்.

லாரி ஓட்டி வந்த பையன் சலித்துக்கொண்டான். "இந்த மண்ணு குழி மூடி நெகத்த கொள்ளாது அம்மச்சி. எவ்வளவு மிதிச்சாலும் அமரமாட்டேங்கு. பொதுபொதுண்ணு கெடக்கு."

சிரிப்பு வந்தது, மைனி. நீங்கள் பட்ட பாட்டுக்கு இத்தனை காலத்தில் கிடைத்த ஒரே நற்சாட்சி அதுதான். அதையும் குறையாகத்தான் சொன்னான்.

அந்த நிலம் உங்களுக்குச் சீதனமாக வந்தது. உங்கள் அப்பா நல்லவர்தான். வயலையெல்லாம் ஆண்மக்களுக்கு வைத்துக்கொண்டு, யாருக்கும் வேண்டாத மேட்டை மகள் பேரில் எழுதிக் கொடுத்த நல்லவர். வருஷா வருஷம் மரச்சீனிக் கிழங்கு நட்டு, வருஷா வருஷம் பிடுங்கி, பிடுங்கிய குழியில் மறுபடியும் நட்டுத் தின்று தீர்த்த நிலம். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே போகாது. சிவப்பாகக் கலங்கிக் கீழே ஓடைக்கு ஓடும். மழை விட்ட மறுநாள் மேலே அப்பளம் போல ஓடு கட்டிவிடும். மண்வெட்டி போட்டால் டங்கென்று திருப்பி அடிக்கும். "உன் மைனிக்குக் கெடச்சது நிலமா, கருங்கல்லா?" என்று உங்களைக் கட்டிய என் அண்ணன் என்னிடம் கேலி பேசுவான். நீங்கள் கேட்டுக்கொண்டே அடுக்களையில் இருப்பீர்கள்.

பிறகு நீங்கள் சப்புச் சருகு பெறுக்க ஆரம்பித்தீர்கள். ஊரே முற்றத்துச் சருகைக் கூட்டித் தீ வைக்கும் காலத்தில், நீங்கள் மாத்திரம் ஓலைக் கடவத்தோடு வீடு வீடாகப் போனீர்கள். பலா இலை, கொல்லாமா இலை, சக்கை மடல், அடுப்புச் சாம்பல், மீன் கழுவிய தண்ணீர், தொழுத்துச் சாணம், எல்லாம் நிலத்தின் தலைமாட்டில் வெட்டிய குழிக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மற்ற பெண்கள் கல்யாணப் பேச்சும் சேலைப் பேச்சுமாக நிற்கையில், நீங்கள் வெள்ளைச் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு கோயில் முற்றத்துச் சப்பை வாரிக்கொண்டிருப்பீர்கள். எனக்கு மானம் போகும். "நாறுத குப்பையெ எதுக்கு மைனி சுமக்கணும்?" என்று கேட்டேன்.

"குப்பை இல்ல மக்கா. மண்ணுக்குச் சோறாக்கும்" என்றீர்கள்.

சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாக வெட்டிவேர் வைத்தீர்கள். மரச்சீனிக்கு இடையில் பெரும்பயறு போட்டீர்கள். பயறு காய்த்து முடிந்ததும் எல்லாரையும் போல நான் கொடியோடு பிடுங்கப் போனேன். கையில் தட்டினீர்கள். "அடியிலெ அறுத்து எடு. வேரு அங்கேயே கெடக்கட்டும். அது தண்ணிக்கு வழி விட்டுட்டுத்தான் சாவும்." பட்டுப்போன வேரின் வழியாகத்தான் மழை இறங்கும், மண்புழு இறங்கும், அடுத்த செடியின் வேரும் இறங்கும் என்பது எனக்கு அப்போது கதை போல இருந்தது.

அதை நான் நம்பாததால்தானே அந்த விளையாட்டுக் காட்டினீர்கள்? இரண்டு சிரட்டையில் தண்ணீர். ஒன்றில் பக்கத்து நிலத்து மண்கட்டி. இன்னொன்றில் உங்கள் நிலத்துக் கட்டி. பக்கத்துக் கட்டி போட்ட மாத்திரத்தில் கரைந்து சேறாயிற்று. உங்கள் கட்டி தண்ணீருக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது. வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டு வந்து பார்த்தோம், அப்போதும் கரையவில்லை. "சப்பும் சாணமும் வேரும் சேர்ந்து பசை போட்டிருக்கு, கண்டியா? இனி மழைக்கு இதெ கொண்டுபோவ ஒக்காது" என்று குழந்தை போலக் கைகொட்டினீர்கள். உங்களை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அந்த வருஷங்களில்தான், தமிழ் பேசும் தாலுகாக்கள் தமிழர் பக்கம் சேரவேண்டும் என்ற எல்லைப் போராட்டம் சூடு பிடித்தது. அண்ணன் ஊர்வலம், கூட்டம், நோட்டீஸ் என்று அலைந்தான். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் வெறுத்துத் தொலைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். தமிழில் ஒரு மனு எழுதிக் கொண்டுபோனால் வாங்க ஆளில்லாத காலம் அது. அவன் பேசியதில் நியாயம் இருந்தது. ஊரூராகப் போய் மண்ணைப் பற்றித்தான் பேசினான். வீட்டுக்கு வந்தால் கால் கழுவிவிட்டு உள்ளே போவான்.

போலீஸ் அவனைத் தேடி வந்த நாளை நினைத்தால் இப்போதும் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது. வீட்டைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், நோட்டீஸ் அகப்படவில்லை. உங்கள் குழியைக் கண்டதும் சந்தேகம் வந்துவிட்டது. "எந்தா இதினகத்து?" என்று ஒருவன் மேலே கிடந்த ஓலையைத் தள்ளினான். ஆவி பறந்தது. கையை உள்ளே விட்டவன் சுட்டது போல இழுத்துக்கொண்டான்.

"வேகுதாக்கும் சார்" என்றீர்கள் நீங்கள். "இன்னும் வேகல்ல. மூடி வச்சிட்டுப் போங்க."

வெட்டிவேர் வரிசையை மிதித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும், புருஷன் எந்தக் காட்டில் ஒளிந்திருக்கிறானோ என்று அழுதுகொண்டே நீங்கள் ஒவ்வொரு தூராக நிமிர்த்தி வைத்தீர்கள். பிறகு அவனைப் பிடித்தார்கள். அவன் சிறையில் கிடந்த காலமெல்லாம் வீட்டில் உலை கொதித்தது அந்த மேட்டு நிலத்தால். அவன் திரும்பி வந்து தின்ற முதல் கிழங்கும் அங்கே விளைந்ததுதான். பூவாக வெந்திருந்தது. நல்ல கிழங்கு என்று சொல்லித்தான் தின்றான்.

கடைசியில் கோடு போட்டார்கள். தெற்கே நாலு தாலுகாவும் தமிழ்ப் பக்கம் போயிற்று, நெய்யாற்றின்கரை போகவில்லை. பாறசாலையும் நம் ஊரும் இந்த மலையாளப் பக்கமே நின்றுவிட்டன. அண்ணன் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு, "இங்க நான் கெடந்து சாவ மாட்டேன்" என்றான். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ஒரு மலையாளக் குடும்பம், அவர்களுக்கு இந்தப் பக்கம் வரவேண்டும். இவனுக்கு அந்தப் பக்கம் போகவேண்டும். நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொள்ளலாம் என்று பேசி முடித்துவிட்டு வந்துதான் உங்களிடம் சொன்னான்.

நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. "அங்கத்தெ மண்ணெ பாத்தியளா?"

"அளந்து பாத்தேன்" என்றான் அண்ணன். "சென்டுக்குச் சென்ட் சரியாட்டு உண்டு. மண்ணு எல்லாம் மண்ணுதான்."

இந்த எல்லையில் வாழ்ந்தவர்கள்தான் இப்படி ஏமாற முடியும். நீளத்தை அளந்தார்கள், அகலத்தை அளந்தார்கள். கீழே எவ்வளவு இருக்கிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை.

நிலம் உங்கள் பேரில் இருந்தது. உங்கள் கையொப்பு இல்லாமல் ஒரு பிடி மண்ணும் கைமாறாது. பத்திர ஆபீசுக்குப் போகிற அன்று காலையில் கிணற்றடியில் உங்களைப் பிடித்து நிறுத்தினேன். "ஒப்பு போடாதீங்க மைனி. மாட்டேன்னு சொல்லுங்க. அவன் என்ன செய்வான்?" என்று கெஞ்சினேன்.

"அவிய தோத்துட்டு வந்து நிக்கியாவ மக்கா" என்றீர்கள். "நானும் மாட்டேன்னா எங்க போவாவ?"

அந்த வார்த்தைக்காக ஊர் உங்களை மெச்சியது. எனக்கு உங்கள் மேல் ஆத்திரம்தான் வந்தது. இன்றைக்கும் இருக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது? தோற்றது அவன். தண்டம் கட்டியது நீங்கள்.

குடி பெயர்ந்த அன்று மாட்டுவண்டி சாமான்களோடு முன்னால் போயிற்று. குழியில் நன்றாக மக்கிய உரத்தை ஒரு கடவம் நிறைய அள்ளி, மேலே வெட்டிவேர்த் தூர்களை அடுக்கி நீங்கள் தலையில் தூக்கிக்கொண்டீர்கள். பழைய மோர் விடாமல் பால் உறையுமா என்று என்னிடம் கேட்டீர்கள். நான் கூட வந்தேன். புதிய செக்போஸ்டில் கடத்தல் சரக்கு என்று நினைத்து நிறுத்தினார்கள். ஒருவன் கம்பை உள்ளே விட்டுக் கிளறினான்.

"இதெந்தா?"

"மண்ணு."

"அவிடெ மண்ணில்லே?" என்று அவன் கேட்டதும் நின்றிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அண்ணனுக்கு முகம் கறுத்தது. அவன் கனவு கண்ட நாட்டுக்குள் நுழையும் நேரத்தில் பெண்டாட்டி குப்பை சுமந்து நிற்கிறாள், நாலு பேர் சிரிக்கிறார்கள். "மானத்தெ வாங்காதெ" என்று கடவத்தைப் பிடுங்கி ரோட்டோரத்து ஓடையில் கவிழ்த்தான். வெட்டிவேர்த் தூரெல்லாம் சாக்கடையில் விழுந்தது. கடவத்தை எடுத்து உதறி, வெறுங்கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தீர்கள். நான் அங்கிருந்தே திரும்பிவிட்டேன். அண்ணனிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

புது நிலத்தைப் பார்க்க நான் வந்தபோது நீங்கள் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. ஒரு மண்புழு கிடையாது. நாற்பது கடந்த உடம்போடு நீங்கள் மறுபடியும் குழி வெட்டினீர்கள். புது ஊரில் சப்பு தர ஆளில்லை. வரத்தர்கள், வெளியிலிருந்து வந்து ஏறியவர்கள் என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். மாடு வாங்க வழியில்லை. அண்ணன் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தான். இங்கேயோ உங்கள் மேட்டுக்கு வந்து சேர்ந்த குடும்பத்துக்கு முதல் வருஷமே தூக்க முடியாத அளவுக்கு மரச்சீனி. "ஐஸ்வர்யமுள்ள பூமி" என்று பூரித்துப் போனார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. மற்றவர் ஆக்கி வைத்த சோறு என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? அண்ணனிடம் சொன்னபோது, "அவனுக்கு ராசி" என்றான்.

மண் திருந்தப் பல வருஷம் வேண்டும். உங்களுக்கு அவ்வளவு வருஷம் இல்லை. காய்ச்சலில் கிடந்த உங்களைப் பார்க்க வந்த அன்று, அண்ணன் வெளியே போன நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னீர்கள். "இதெ அவியகிட்டெ சொல்லிராதெ" என்று சத்தியமும் வாங்கினீர்கள். சத்தியத்தைக் காப்பாற்றினேன். அண்ணனுக்கு மேடை போட்டுச் சால்வை போர்த்தி, மண்ணுக்காகச் சிறை சென்றவர் என்று பேசிய அன்றுகூட, முன்வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றினேன்.

நேற்று மத்தியானம் பஸ் ஏறி அண்ணனைப் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தான். கண் மங்கிவிட்டது. பேச்சு மட்டும் தெளிவு.

"மைனிக்க நெலத்தெ வெட்டி லாரியிலெ கேற்றுதானுவ அண்ணே" என்றேன்.

"அது இப்போ நம்ம நெலம் இல்லியே" என்றான். பிறகு அவனாகவே கேட்டான். "அவ என்னெப் பற்றி ஒங்கிட்டெ வல்லதும் கொறெ சொல்லியிருக்காளா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். லாரியில் போன அந்தக் கறுப்பு மண் கண்ணுக்குள் நின்றது. என்னால் முடியவில்லை, மைனி. மன்னித்தால் மன்னியுங்கள்.

"உண்டு அண்ணே. சொன்னாவ. 'அவிய ஒரு தடவெகூட குனிஞ்சு அதெ கையிலெ எடுத்துப் பாக்கல்ல மக்கா'ண்ணு சொன்னாவ."

அழுவான் என்று நினைத்தேன். கோபப்படுவான் என்றும் நினைத்தேன். அவன் இரண்டும் செய்யவில்லை. நெற்றியைச் சுருக்கி நெடுநேரம் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், அவனைக் குறை சொல்ல முடியாது. பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டான்.

"எதெ?"

நான் எழுந்து வந்துவிட்டேன். களியக்காவிளையில் பஸ் மாறி, இந்தப் பக்கம் வந்து, ராத்திரி முழுக்கப் புரண்டு, இப்போது இதை எழுதி முடிக்கும்வரை என் காதில் இருப்பது உங்கள் குரல் இல்லை, மைனி. அவன் கேட்ட அந்த ஒரு சொல்தான்.