பாலிக் புலாவில் மூன்று சுற்று

பாயான் லெப்பாஸ்
2.3.2025

அன்புள்ள மோகன் அவர்களுக்கு,

நலம்தானே? போனில் பேசினால் மூன்றாம் நிமிடம் சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

கம்பெனி பஸ்ஸில் நான் கதை சொல்லி எல்லாரையும் சிரிக்கவைப்பது உங்களுக்குத் தெரியும். ஜார்ஜ் டவுனில் ஒரு காப்பிக் கடை மாடியில் மாதம் ஒருமுறை தமிழ் நகைச்சுவை மேடை நடக்கிறது. ஆளுக்குப் பத்து நிமிடம். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் துளசி இரண்டு முறை என் பெயரைக் கொடுத்தாள். இரண்டு முறையும் நானே போய் அதை அடித்துவிட்டு வந்தேன். மேடையை நினைத்தாலே, உங்கள் தங்கை கல்யாண விருந்தில் எல்லார் முன்னாலும் நீங்கள் சொன்னது காதில் விழுகிறது. "ஒன் பேச்ச யாரு உக்காந்து கேப்பா?"

இந்த மாதம் 22ஆம் தேதிக்கு மறுபடி பெயர் கொடுத்திருக்கிறேன். சொல்லப்போவது, கல்யாணமான புதிதில் உங்கள் முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் பாலிக் புலாவில் வழி தவறிய கதை. வழி கேட்க மாட்டேன் என்று ஒரே டுரியான் பழக் கடையை மூன்று முறை காடியை ஓட்டிச் சுற்றினீர்கள். கடைசியில் கடைக்காரரே நமக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். டுரியான் வாடையே ஆகாத நீங்கள், அதற்குத்தான் வந்ததுபோல் ஆறு பழம் வாங்கினீர்கள். சொல்லலாமா?

ஷர்மினி

ஜொகூர் பாரு
9.3.2025

ஷர்மினி,

பதினான்கு வருடத்தில் ஒரு நாள் சொன்னதை இத்தனை பத்திரமாக வைத்திருக்கிறாய். நான் பிரிந்து இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. இன்னமும் உன்னை மேடை ஏறவிடாமல் தடுப்பது நான்தானா? எனக்கே அலுத்துவிட்டது.

மூன்று சுற்று இல்லை, இரண்டு. பழம் நான்கு. சொல்வதென்றால் சொல். என் பெயர் வேண்டாம்.

விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போட்டு உனக்கு அனுப்பி மூன்று மாதம் ஆகிறது. அதை எப்போது பார்க்கப்போகிறாய்?

மோகனராஜ்

பாயான் லெப்பாஸ்
24.3.2025

மோகன் அவர்களுக்கு,

இரண்டு சுற்றுக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். பஸ்ஸில் சொல்லிப் பார்த்துவிட்டேன். மூன்றுதான்.

ஆனால் சொல்லத்தான் இல்லை. 22ஆம் தேதி மாடிப்படியில் பாதிவரை ஏறினேன். மேலே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. இறங்கிவிட்டேன். துளசி கோபத்தில் பஸ்ஸில் வேறு இருக்கைக்குப் போய்விட்டாள்.

எனக்கு எரிச்சல் அதில் இல்லை. படியில் நின்றபோது உங்கள் குரல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. 'போகாதே, அசிங்கப்படுவாய்' என்று சொன்னது என் குரல். அப்படியானால் இத்தனை நாள் உங்களைத் திட்டியதெல்லாம் எதற்கு? என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

ஏப்ரல் 12ஆம் தேதி இன்னொரு வாய்ப்பு தருகிறார்களாம். இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார்கள்.

ஷர்மினி

ஜொகூர் பாரு
30.3.2025

ஷர்மினி,

நீ போவாயோ மாட்டாயோ, படித்துப் படித்து எனக்குத்தான் தலைவலி. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அன்றைய விருந்தில் நான் பெண்ணுக்கு அண்ணன். மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் உன் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பொறுக்காமல் சொன்னேன். தப்பு என்னுடையது.

மோகனராஜ்

பாயான் லெப்பாஸ்
13.4.2025

மோகன்,

பேசிவிட்டேன்.

முதல் இரண்டு நிமிடம் யாரும் சிரிக்கவில்லை. ஒருவருக்குப் போன் வந்தது. எடுத்துப் பேசவும் செய்தார். இறங்கி ஓடலாமென்றால் படிக்கட்டு கூட்டத்துக்குப் பின்னால் இருந்தது. வேறு வழியில்லாமல் சொல்லிக்கொண்டே போனேன். நாற்காலி போட்ட இடத்தில் சிரித்தார்கள்.

அப்புறம் பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: "கல்யாணத்துக்குப் போனீங்களா இல்லையாக்கா?" அதை நான் எழுதிவைக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "போனோம் அண்ணே. டுரியான் வாடைக்குப் பயந்து எங்களுக்குத் தனி மேச போட்டாங்க. எங்க கல்யாணம் ஆகி அன்னிக்குத்தான் நாங்க ரெண்டு பேரும் தனியா உக்காந்து சாப்பிட்டோம் லா."

அந்த இடத்தில்தான் மாடியே அதிர்ந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது.

மனுவில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். தாமதத்துக்கு உங்கள்மேல் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

மே மாதமும் கூப்பிட்டிருக்கிறார்கள். பார்க்க வரலாம் என்று உங்களுக்குத் தோன்றினால், வராதீர்கள். நூறு பேர் சிரித்தாலும் நீங்கள் சிரிக்கிறீர்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷர்மினி