ஸ்டியரிங்கின் முனகலும் என் காதுகளும்

இன்று காலை போர்ட்டிகோவின் சிமெண்டுத் தரையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாய் ஒரு கறை. விரலால் தொட்டேன், வழவழத்தது. முகர்ந்தேன், எண்ணெய் கருகிய வாடை. நேற்று நம் மகன் பாட்டை அலறவிட்டு வண்டியை ஒரு சுற்று ஓட்டிவந்து நிறுத்திய இடம் அது. ஆவடித் தொழிற்சாலையில் பரிசோதகராயிருந்த நீங்கள் சொல்வது நினைவுக்கு வந்தது: "கறுப்புன்னா இன்ஜின் ஆயில், நிறமே இல்லன்னா ஏசி தண்ணி, சிவப்புன்னா பவர் ஸ்டியரிங்."

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. கறையைப் பார்த்தபோதுகூடக் கடிதம் எழுதும் எண்ணம் எனக்கு இல்லை. பதினொரு மணிக்கு மெக்கானிக் சொன்னதைக் கேட்ட பிறகுதான் வந்தது. அந்த அதிர்ச்சி இன்னும் அடங்கவில்லை. ஆகவே மரியாதை சற்றுக் குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காவிட்டாலும் இப்போது என்ன செய்துவிடப் போகிறீர்கள்?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, கொரட்டூர் ஏரிப் பக்கம் நான் வண்டியைத் திருப்பியபோது முன்புறத்திலிருந்து ஒரு முனகல் எழுந்தது. நீங்கள் பக்கத்து இருக்கையில் இருந்தீர்கள்.

"சத்தம் கேக்குதா?"

"என்ன சத்தம்?"

"ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் முனகுதே."

"வண்டி முனகல. உன் காதுதான் முனகுது."

திங்கட்கிழமை வண்டியை எடுத்தபோது சத்தம் இல்லை. சிரித்தீர்கள். சில நாள் கழித்து மறுபடி வந்தது. ஒரு ஞாயிறு கழிந்ததும் மறுபடி மறைந்தது. கல்லூரியில் முப்பது ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவள், ஒலி அலைகளைக் கரும்பலகையில் வரைந்து காட்டியவள், என் காதை நம்பாமல் உங்கள் வாயை நம்பினேன். காது மருத்துவர் சோதித்துவிட்டு, குறையொன்றும் இல்லை என்றார். "சின்னப் பையன், அவனுக்கென்ன தெரியும்" என்றீர்கள். அதையும் நம்பினேன். இல்லாத சத்தத்தைக் கேட்கிறவள் இருக்கிற ஹாரனைத் தவறவிடக்கூடும் என்று பயந்து சாவியை உங்களிடம் நீட்டினேன். ஒரு வார்த்தையும் மறுக்காமல் வாங்கிக்கொண்டீர்கள்.

வருகிற ஞாயிறன்று வண்டியை வாங்க ஆள் வருவதாக ஏற்பாடு. அதற்குமுன் ஒரு முறை பார்த்துவைக்க, கள்ளிக்குப்பத்தில் பட்டறை நடத்தும் மெக்கானிக் சேகரை மகன் இன்று அனுப்பியிருந்தான். அவர் இன்ஜினை ஓடவிட்டு ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்தார். அதே முனகல்.

"உங்களுக்கு இது கேக்குதா?" என்றேன். என் குரலின் கெஞ்சல் எனக்கே பிடிக்கவில்லை.

"இன்னாம்மா கேள்வி இது? தெருமுனை டீக்கடை வரைக்கும் கேக்குமே!" பானெட்டைத் தூக்கி எண்ணெய் டப்பாவின் மூடியைக் கழற்றிக் காட்டினார். "பாரும்மா, ஆயிலு அடியில ஒட்டிகினு கீது. ஆயில் போற ரப்பர் ஓஸ் கசியுது. ஆயில் கொறைஞ்சா பம்பு காத்தை இழுத்துகினு முனகும். ஊத்துனா கம்முனு அடங்கிடும். ஐயா வாராவாரம் ஊத்திகினு இருந்தாரே, சொல்லலியா?"

"வாராவாரமா?" என்றேன். அவர் தொடர்ந்தார்.

"அவருக்கு இந்தச் சத்தம் கேக்காதும்மா. ஒரு நா வந்து, 'ஊட்ல ஏதோ முனகுதுன்றாங்க, உனக்குக் கேக்குதா பாரு'ன்னாரு. கேக்குது சார், ஓஸை மாத்திடலாம், வண்டி ரெண்டு நாள் நிக்கணும்னேன். மூஞ்சி சுண்டிப்போச்சு. 'ரெண்டு நாள் நின்னா எனக்குத்தான் கேக்கலன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சிடும், ஆயிலை மட்டும் குடு'ன்னு வாங்கிகினு போய்ட்டாரு. ஃபேக்டரி இரைச்சல்ல போன காதும்மா. மெய்யாலுமே உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று தலையாட்டினேன். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

பிறகு படியில் உட்கார்ந்துவிட்டேன். ஞாயிறுதோறும் நான் காய்கறி வாங்கப் போன அரை மணி நேரத்தில் நீங்கள் எண்ணெய் ஊற்றியிருக்கிறீர்கள். சத்தம் வந்த நாளையும் அடங்கிய நாளையும் ஒரு தாளில் குறித்திருந்தால் ஒரே மாதத்தில் உங்களைப் பிடித்திருப்பேன். என் மாணவி இப்படிக் கோட்டைவிட்டிருந்தால் செய்முறைத் தேர்வில் பூஜ்யம் போட்டிருப்பேன். காது கேட்காதவர் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வண்டி ஓட்ட, நல்ல காதுள்ளவள் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எத்தனை நாளாக? ரசத்தில் உப்பு போதுமா என்று கேட்டதற்கு, "ஆமா, மழை வரும்போல இருக்கு" என்றீர்கள். கேலி என்று நினைத்து இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஒன்று மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது. மருத்துவமனையில் கடைசி மாலை, உங்கள் காதருகே குனிந்து, "இனிமே நான் வண்டிய தொடமாட்டேன், நீங்க கவலப்படாதீங்க" என்றேன். தலையசைத்தீர்கள். அந்த ஓர் அசைவுக்காகத்தான் எட்டு மாதமாக ஆட்டோவில் அலைகிறேன். வண்டியை விற்கவும் ஒப்புக்கொண்டேன். எதற்குத் தலையசைத்தீர்கள்? கேட்டா, என் உதடு அசைந்ததைப் பார்த்தா? உங்களுக்கு எட்டாத வாக்கு என்னைக் கட்டாது என்று இன்று தீர்மானித்துவிட்டேன். தவறென்றால் அது என் தலையோடு போகட்டும்.

சேகரிடம் ஓஸை மாற்றச் சொன்னேன். வண்டி விற்பனைக்கு இல்லை, நானே ஓட்டப் போகிறேன் என்று மகனிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"காது கேக்காம எப்படிம்மா ஓட்டுவே? அப்பாவே சொன்னாரே!" என்று கத்தினான்.

அவன் வாயை அடைக்க, காது போனது எனக்கல்ல, உங்களுக்குத்தான் என்ற ஒரே ஒரு வாக்கியம் போதும். அது நாக்கு நுனிவரை வந்தது. "அப்படித்தான் ஓட்டுவேன்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.