மாதவியின் முன்பல்

கிள்ளான்
10 மார்ச் 2024

அன்புள்ள நிலானிக்கு,

நலமா என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். இருந்தாலும் கேட்கிறேன். நேற்று போனில் பாதி கேட்பதற்குள் வைத்துவிட்டாய். பேசினால் சண்டையாகிறது, எழுதி மாதவியின் பையில் வையுங்கள் என்பது உன் ஏற்பாடுதானே. மீதியை எழுதுகிறேன்.

பிளாட்டுக்குக் கீழே சறுக்குமரத்திலிருந்து விழுந்தாள். மேல் முன்பல் ஒன்று வேரோடு வந்துவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன், என் கண்முன்னால்தான் விழுந்தது. உங்கள் பாலர்பள்ளியில் ஆசிரியைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை எனக்கு எத்தனை தடவை ஓதியிருப்பாய்! வேரைத் தொடவில்லை, தேய்க்கவில்லை. தண்ணீரில் ஒருமுறை அலசி, பாலில் போட்டேன். கீழே மாமாக் டீக்கடைக்காரர் சீனி போட்ட கட்டிப்பால் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அது வேணாம் அண்ணே, பச்சப் பால் குடுங்க லா" என்று கத்தினேன்.

நாற்பதாவது நிமிடம் மருத்துவரிடம் இருந்தோம். பல்லை அதே குழியில் வைத்து, பக்கத்துப் பற்களோடு கம்பி கட்டிவிட்டார். "அப்பா கெட்டிக்காரர்" என்றார். அந்த வார்த்தையை உன் வாயால் கேட்டு நாளாயிற்று.

இரண்டு வாரம் கஞ்சிதான். இதைக் காரணம் காட்டி என் சனி ஞாயிறுகளைப் பறித்துவிடாதே. வாரம் முழுக்க அதற்காகத்தான் ஓட்டுகிறேன்.

அன்புடன்,
யுகேந்திரன்


பிரிக்பீல்ட்ஸ்
22 மார்ச் 2024

அன்புள்ள யுகேனுக்கு,

கெட்டிக்காரர்தான். எழுதிவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பல் கிடைத்ததும் பாலில் போட்டதும் பெரிய காரியம், அதை மறுக்கவில்லை.

ஆனால் பிள்ளையிடம் என்ன சொல்லி அனுப்புகிறீர்கள்? நம் வீட்டில் உட்கார்ந்துகொண்டே, "எப்ப வீட்டுக்குப் போவோம்?" என்று கேட்கிறாள். இதுதானே வீடு என்றால், "இல்ல, ரயிலு ஏறிப் போற வீடு" என்கிறாள்.

இன்னொன்று. விமலனுக்கு டியூஷன் எடுக்கிறேன் அல்லவா, பக்கத்து வீட்டுப் பையன், ஐந்தாம் ஆண்டு. அவனுடைய பின்னக் கணக்கை இவள் வாங்கிப் போட்டுக்கொடுத்துவிட்டாள். பத்தும் சரி. இவள் படிக்கும் இரண்டாம் ஆண்டில் இன்னும் கூட்டலைத் தாண்டவில்லை. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். நாக்கால் அந்தப் பல்லைத் தடவிக்கொண்டாள்.

நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்களா? உங்களுக்கே பின்னக் கணக்கு வராது.

நிலானி


கிள்ளான்
31 மார்ச் 2024

அன்புள்ள நிலானிக்கு,

நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தியம்.

நேற்று லிஃப்டில் ஏறியதும் பதினான்கை அழுத்தினாள். நம் வீடு ஆறு என்றேன், கேட்கவில்லை. பதினான்காவது மாடியில் இறங்கி, கடைசிக் கதவுவரை விறுவிறுவென்று நடந்தாள். கதவைத் திறந்தது அமுதவள்ளி அக்கா. அவர் வெளியே வருவதே அபூர்வம், எனக்கு முகம்கூடச் சரியாகத் தெரியாது. "யாரு பிள்ள இது?" என்றார். மாதவி சிரித்தாள். அக்கா அவள் வாயையே பார்த்தார், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மன்னிப்புக் கேட்டுவிட்டு இழுத்துக்கொண்டு வந்தேன். பிள்ளை விளையாட்டு என்று நினைத்துக்கொள்கிறேன். நீயும் அப்படியே நினைத்துக்கொள்.

யுகேந்திரன்


பிரிக்பீல்ட்ஸ்
5 ஏப்ரல் 2024

யுகேன்,

கம்பியை எடுத்தாயிற்று. பல் ஆணி அடித்தது போல நிற்கிறது. இங்குள்ள மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், இன்னொன்று எடுத்தார், அதையும் நெடுநேரம் பார்த்தார். எட்டு வயதில் இந்தப் பல்லின் வேர் நுனி திறந்திருக்குமாம். பக்கத்துப் பல்லில் அப்படித்தான் இருக்கிறது. இதில் மட்டும் மூடியிருக்கிறது. "இது பத்து பதினோரு வயசுப் பல்லு மேடம். இப்படி நான் பாத்ததில்ல" என்றார்.

கண்முன்னால் விழுந்தது என்று எழுதினீர்கள். ஒரே ஒரு கேள்வி. பார்த்தீர்களா, இல்லையா? உண்மையைச் சொன்னால் சண்டை போடமாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

நிலானி


கிள்ளான்
7 ஏப்ரல் 2024

நிலானி,

பார்க்கவில்லை.

மாமாக் கடையில், இந்த பிளாட்டின் பழைய ஆள் ஜெயராஜோடு தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். அலறல் கேட்டு ஓடியபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பல்லைத் தேடினேன். சறுக்குமரத்தடியில் மண்ணுக்குள் ஒன்று பாதி புதைந்திருந்தது. காய்ந்திருந்தது, அதில் ஒரு சொட்டு இரத்தமில்லை. அப்போதே மனசில் உறுத்தியது. ஆனால் பிள்ளையைத் தனியே விட்டேன், பல்லும் கிடைக்கவில்லை என்று உன்னிடம் எந்த முகத்தோடு சொல்வது? அதை எடுத்துப் பாலில் போட்டேன்.

இன்று அவளுடைய மழைச்சட்டையைத் துவைக்க எடுத்தேன், அன்று மழைமூட்டத்துக்குப் போட்டிருந்தது. அதன் தொப்பிக்குள் ஒரு பல் கிடந்தது. காய்ந்த இரத்தத்தோடு. அதுதான் நம் பிள்ளையுடையது.

ஜெயராஜைக் கேட்டேன். மூன்று வருடத்துக்கு முன், நான் இங்கே குடிவருமுன், அமுதவள்ளி அக்காவின் மகள் புனிதா அதே சறுக்குமரத்திலிருந்து தலைகுப்புற விழுந்து இறந்துபோனாளாம். வயது பதினொன்று. ஐந்தாம் ஆண்டு.

மாதவியை இனி அனுப்பாவிட்டாலும் நான் கேட்கமாட்டேன். அந்தப் பல்லை மட்டும் எடுத்துவிடு.

யுகேந்திரன்


கிள்ளான், பதினான்காவது மாடி
13 ஏப்ரல் 2024

யுகேன்,

உங்கள் போனுக்கு நான்கு முறை அடித்தேன். வீட்டுக் கதவும் பூட்டியிருக்கிறது. இந்த மாடியில் பக்கத்து வீட்டுப் பக்கிரிசாமி அங்கிள் இதை உங்கள் கதவிடுக்கில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அமுதவள்ளி அக்காவின் வாசலை விட்டு நான் நகரமாட்டேன்.

காலையில் பல்லை எடுக்க மருத்துவரிடம் போனோம். நாற்காலியில் சாய்ந்தபடி, "எங்கம்மாவ கேக்காம எடுக்காதீங்க" என்றாள். அவர் சிரித்து, "அம்மா இங்கதானே நிக்கறாங்க" என்றார். மாதவி என்னை நிதானமாகப் பார்த்தாள். "இவங்க இல்ல டாக்டர்" என்றாள். அதற்குப் பிறகு பல்லைத் தொடவிடாமல் வாயை இறுக மூடிக்கொண்டாள். அவள் கேட்கச் சொன்னவரையே கேட்டுவிடலாம் என்று ரயிலேறி இங்கே கூட்டி வந்தேன். புத்திகெட்ட வேலை.

உள்ளே நுழைந்ததும் நேராகப் போய் அலமாரியைத் திறந்து ஒரு பள்ளிச் சீருடையை எடுத்தாள். அவளுக்கு அது மிகவும் பெரிது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பல்ல எடுத்துடாதம்மா. வாரத்துக்கு ஒரு தடவ சிரிக்கறத பாத்துக்கறேன், வேற ஒண்ணும் கேக்கல" என்றார். பாவம் அந்த மனுஷி. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உங்கள் மேல் வந்த கோபமும் இப்போது எங்கே போனதென்று தெரியவில்லை.

இங்கிருந்து அவள் முதுகு தெரிகிறது. உள்ளே படிப்பு மேசையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள். மாதவி, மாதவி என்று தொண்டை வற்றக் கூப்பிட்டுவிட்டேன். திரும்பவில்லை. அக்கா மெதுவாக "புனிம்மா" என்றார். உடனே திரும்பினாள்.

இதைப் பார்த்ததும் மேலே வாருங்கள். யார் மேல் தப்பு என்பதெல்லாம் இருக்கட்டும். நான் கூப்பிட்டு அவள் வரவில்லை யுகேன். நீங்கள் வந்து ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள்.

நிலானி