அறுபது டிகிரிக்குக் கீழே

அக்டோபர் 29, 08:10. நிலவின் தென்துருவ நிலையம்

பதிவு செய்பவர்: பூவராகன், நிலையப் பொறியாளர். காற்று, நீர், மின்சாரம் இயல்பு. நிலையத்தில் நான் ஒருவனே. பாறை ஆய்வாளர் அங்கயற்கண்ணி அலுவல் ஊர்தியில் கிழக்கு முகட்டுக்குச் சென்றுள்ளார். ஓய்வு நேரங்களில் கழிவுப் பாகங்களைக் கொண்டு நான் கட்டிய இருவர் பந்தயக் கார் நிலையத்தை ஒருமுறை சுற்றி வந்தது. குறை ஏதுமில்லை.

11:35

முகட்டிலிருந்து செய்தி. ஊர்தியின் அச்சு முறிந்துவிட்டது. அவருக்குக் காயமில்லை. கையிருப்பிலுள்ள காற்று மாலை ஆறு மணி வரை போதும். தொலைவு அறுபது கிலோமீட்டர். பிற நிலையங்களின் உதவி வந்துசேர இரண்டு நாளாகும். பந்தயக் காரை நெடுந்தொலைவு ஓட்ட விதிகளில் இடமில்லை. விதிவிலக்கை இங்கே பதிகிறேன். காற்றுக் கலன்களுடன் புறப்படுகிறேன். மூன்று மணி நேரம் போதுமானது.

12:50. பதினான்காம் கிலோமீட்டர்

மோட்டார் வெப்பம் 131. பாதுகாப்புப் பூட்டு மின்சாரத்தைத் துண்டித்தது. வெப்பம் அறுபதுக்குக் கீழே இறங்கினாலன்றி அது திறக்காது. மீறி ஓட்டினால் மோட்டார்ச் சுருளின் காப்புறை உருகி, கார் நிரந்தரமாக நின்றுவிடும். விதியை எழுதியவன் நான்.

தாமதத்தை அவருக்குத் தெரிவித்தேன். கிடைத்த மறுமொழி:

"என்ன சார், கொதிக்குதா? ரோட்டோரமா ஒரு டீக்கடையப் பாத்து நிறுத்துங்க. ஒரு குடம் தண்ணி ஊத்துனா சரியாப் போயிரும்."

13:20

பம்பு சுழல்கிறது. குழாய்களில் குமிழி இல்லை. சக்கரங்கள் தடையின்றி உருள்கின்றன. ஆனால் ரேடியேட்டர் தகட்டுக்குள் நுழையும் திரவமும் வெளியேறும் திரவமும் ஏறத்தாழ ஒரே வெப்பத்தில் உள்ளன. அதாவது, வெப்பம் தகடு வரை வருகிறது, அங்கிருந்து வெளியேறவில்லை.

தகட்டின் முன் குனிந்தேன். அதில் என் தலைக்கவசம் தெளிவாகத் தெரிந்தது.

வெப்பத்தை வெளிவிடும் கரும்பூச்சு தகட்டில் இல்லை. ஆயுத பூசைக்கு முந்தைய நாள் அங்கயற்கண்ணி காரைத் துடைத்துச் சந்தனம் வைத்தார். அப்போது தகட்டையும் உலோகம் மின்னும் வரை தேய்த்திருக்கிறார். பூமியில் இதனால் தீங்கில்லை. வீசும் காற்று வெப்பத்தைக் கொண்டுபோகும். இங்கே வெப்பம் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற முடியும். மின்னும் உலோகம் அதை வெளிவிடாது. சிறு வட்டங்களில் இந்தக் குறை புலப்படவில்லை.

14:40

மாற்றுப் பூச்சு இல்லை. சக்கரத்துக்குரிய கிரீஸைத் தகட்டில் தடவி, கருநிற நிலவுத் தூளை அதன்மேல் அப்பினேன். பாதித் தகட்டுக்கே கிரீஸ் போதுமானதாக இருந்தது. பூட்டு திறந்தது. புறப்படுகிறேன்.

15:40. முப்பத்து மூன்றாம் கிலோமீட்டர்

மீண்டும் நின்றது. முன்னைவிட அதிகத் தொலைவு ஓடியது. ஆனால் இனி ஏற்றம். ஆறு மணிக்குள் சேரும் கணக்கு ஒத்துவரவில்லை. மறுபடி கணக்கிட்டேன். ஒத்துவரவில்லை.

அவர் அழைத்தார்.

"சார், ஆயுத பூசைக்கு முன்தகட்ட நான்தான தேச்சேன்? அதான் கோளாறா?"

"இல்லம்மா. பம்புதான். பேசாம இருங்க, காத்து மிச்சமாகும்."

நான் அனுப்பிய விடை உண்மைக்கு மாறானது. பதிவுக்காகக் குறிக்கிறேன்.

17:25. ஐம்பத்தோராம் கிலோமீட்டர்

நின்றது. 132. முகடு கண்ணுக்குத் தெரிகிறது. கலன்களைத் தூக்கிக்கொண்டு நடந்தால் மூன்று மணி நேரம். கார் குளிர ஒரு மணி நேரம். காத்திருப்பதே சரி. தகட்டின் மேல் நிழல் விழாதபடி விலகி நிற்கிறேன். இல்லை, நிழல் விழலாம். நிழல் நல்லது. நிழலாக நிற்கிறேன்.

17:52

"சார், கீழ ஒரு வெளிச்சம் தெரியுது. நீங்களா?"

"நான்தான்."

"வண்டி ஓடுதுல்ல?"

"ஓடுது."

"மெதுவா வாங்க சார். மேடு."

வெப்பம் 91.

18:09

அழைத்தேன். மறுமொழி வரவில்லை. 74.

18:16

அழைத்தேன். 67. முகப்பு விளக்கை அணைத்து ஏற்றினேன். அணைத்து ஏற்றினேன்.

18:24

அழைத்தேன்.

வெப்பம் 59. பூட்டு திறந்தது. கார் ஓடும் நிலையில் உள்ளது.